எனக்கு வந்தது காய்ச்சல், தம்பிக்கு வந்தது சாமி

உண்ணிக் காய்ச்சல் என்றால் என்ன, அது வந்தால் எப்படி இருக்கும் என்று என்னிடம் கேட்காத ஆள் எங்கள் மலையில் பாக்கியில்லை. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போயிற்று. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். காய்ச்சலைப் பற்றி மட்டும் என்றால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். என் விஷயத்தில் காய்ச்சலோடு என் தம்பியும் சேர்ந்துகொண்டு வருகிறான். அவனை விட்டுவிட்டு எழுத எனக்கும் ஆசைதான், முடியவில்லை.

ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு நான்தான் ஆபரேட்டர், பெயர் கோவிந்தன். காலையில் மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பியதும் நிறுத்தி, தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிடுவது வேலை. பன்னிரண்டாவது வரை படித்தவன். தம்பி மாணிக்கம் எட்டாவதோடு நின்றுவிட்டான். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறான். சாமை, புளி, பலாப்பழம் ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்குவான், மளிகைச் சாமானோடு ஏறி வருவான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, என் வீட்டில்தான் சாப்பாடு. கறிக்குழம்பு வைத்தால் என் மனைவி அலமேலு நல்ல துண்டாகப் பார்த்து அவனுக்குத்தான் முதலில் போடுவாள். கேட்டால், "சாமி வர்ற ஒடம்புங்க" என்பாள்.

ஆமாம், அவன்மேல் காளியம்மன் வருவாள். என்மேல் வரமாட்டாள்.

முன்பு எங்கள் அப்பாமேல் வந்துகொண்டிருந்தாள். தைத் திருவிழாவில் பம்பை மேளம் அடித்தால் அப்பா ஆட ஆரம்பித்துவிடுவார். ஊரே சுற்றி நின்று வாக்கு கேட்கும். மழை எப்படி, எந்தக் காட்டில் சாமை விதைக்கலாம், காணாமல் போன மாடு எந்தப் பக்கம் போயிருக்கிறது, எல்லாவற்றுக்கும் பதில் வரும். அப்பா போன பிறகு மூத்த மகன்மேல்தான் வருவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். மார்கழி முழுக்க விரதம் இருந்தேன். கறி தொடவில்லை, செருப்பு போடவில்லை, பாயில் படுக்கவில்லை. திருவிழாவன்று ஈர வேட்டியோடு பம்பைக்கு நேர் எதிரே போய் நின்றேன். பம்பை முழங்கியது. கூட்டத்துக்குப் பின்னால் யாரோ அலறினார்கள். திரும்பிப் பார்த்தால் மாணிக்கம் ஆடிக்கொண்டிருக்கிறான். காலையில் ஒடுகத்தூரில் பிரியாணி தின்றுவிட்டு, லோடு இறக்கிவிட்டு, அப்போதுதான் வேடிக்கை பார்க்க வந்து நின்றவன்!

"மாணிக்கம் குடுத்து வச்சவன்" என்றது ஊர். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வருஷா வருஷம் விரதம் இருப்பவன் நான், வருஷா வருஷம் ஆடுபவன் அவன். இதில் என்ன நியாயம் இருக்கிறது? ஆடி முடித்ததும் ஒன்றும் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து தண்ணீர் கேட்பான். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணா, சாமி இன்னா சொல்லிச்சி?" என்பான். "எங்கிட்ட இன்னா கேக்கற, போய் ஊர்ல கேளு" என்று எழுந்து போய்விடுவேன். தன் வாயால் சொன்னது தனக்கே தெரியாதா? எல்லாம் நடிப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

காய்ச்சல் வந்த வருஷம் மார்கழியில் நான் ஒரு முடிவோடு இருந்தேன். வீட்டில் தரையில் படுப்பதெல்லாம் விரதத்தில் சேர்த்தியா என்று, காளியம்மன் கோயில் தோப்புக்கே போய்விட்டேன். அந்தத் தோப்பில் கத்தி வைக்கக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதனால் மரத்தடியெல்லாம் புதர் மண்டிக் கிடக்கும். அந்தச் சருகின்மேல் வெறும் வேட்டியோடு படுத்தேன். இவ்வளவு பக்கத்தில் வந்து கிடக்கிறவனை எப்படித்தான் தாண்டிப் போவாள், பார்த்துவிடலாம் என்ற வீம்பு எனக்கு. பூச்சி கடித்ததே தெரியவில்லை. அது கடித்தால் வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது என்று பிற்பாடுதான் சொன்னார்கள்.

தை பிறந்ததும் தலைவலி பிடித்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பதுபோல் இருந்தது. பிறகு குளிர், கைகால் வலி, சோற்றைக் கண்டால் குமட்டல். விரதக் களைப்புதான் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் விரதத்தை விடச் சொல்வார்கள். திருவிழாவுக்குப் பம்பைக்காரர்கள் மேலே ஏறி வந்து கோயில் முன்னால் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் என் உடம்பு உதற ஆரம்பித்தது. பல் கிட்டியது. அது குளிர் ஜுரத்தின் உதறல். ஆனால் கோயில் வாசலில், ஈர வேட்டியோடு, பம்பைச் சத்தத்தில் ஒருத்தன் உதறினால் எங்கள் ஊர் என்ன நினைக்கும்?

"மூத்தவன்மேல வந்துடுச்சி!" என்று யாரோ கூவியது எனக்கு நன்றாகக் கேட்டது. அந்தக் காய்ச்சலிலும் நெஞ்சு குளிர்ந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

புதிதாக ஒருவர்மேல் சாமி வந்தால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்த உடம்பைப் பலகையில் உட்காரவைத்து மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சோறு, மருந்து, மாத்திரை எதுவும் உள்ளே போகக்கூடாது. ஏற்கெனவே சாமி வருகிற ஆள் வந்து, பம்பை முழக்கத்தில் அவர்மேலும் சாமி இறங்கி, இரண்டு சாமியும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் புதுச் சாமியை ஊர் ஏற்றுக்கொள்ளும். மாணிக்கமோ புளி லோடு ஏற்றிக்கொண்டு செங்கம் போயிருந்தான். வழியில் வண்டி மக்கர் செய்து அன்றைக்கு வரவில்லை. அதுவரைக்கும் என்மேல் மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்கள்.

ஜன்னி கண்டவனுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்று பல பேர் கேட்கிறார்கள். எனக்கு எப்படி இருந்தது என்றால், என் வாய் பேசியது, நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் என்னுடையது இல்லை என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். கனமாக, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். ஒளி தெரிந்தது. தோப்பு மரமெல்லாம் மூச்சு விட்டது. அவள்தான், அவள்தான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வாய் பேசியது என்ன தெரியுமா?

"வால்வ மூடு! தொட்டி ரொம்பிப் போய்ச்சி! தண்ணி ஊத்துது, வால்வ மூடுங்கடா!"

ஊர்க் கவுண்டர் அதற்குப் பொருள் சொன்னார். "இந்த வருஷம் வானம் ஊத்தப் போவுது. பள்ளத்துல வெதைக்காதீங்க, மேட்டுக் காட்டுல வெதைங்கனு தாயி சொல்லுது." எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அலமேலு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. சுகாதார நர்ஸ் எப்போதோ கொடுத்த காய்ச்சல் மாத்திரையைப் பொடித்து மஞ்சள் தண்ணீரில் கலந்து, தீர்த்தம் என்று சொல்லி என் வாயில் விட்டிருக்கிறாள். இதை ஆஸ்பத்திரியில்தான் சொன்னாள். சாமி வந்திருந்த நேரத்தில் என்னைச் சந்தேகப்பட்டாளே என்று அப்போதுகூட எனக்குக் கோபம்தான் வந்தது.

மறுநாள் மாணிக்கம் வந்து சேர்ந்தான். வண்டியிலிருந்து இறங்கியவனை அப்படியே குளிக்கவைத்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பம்பை கிழிந்துபோகிற மாதிரி அடித்தார்கள். அவன்மேல் சாமி வரவில்லை. சும்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் அவள் என்னுடையவள் என்று எனக்குள் ஒரு குதியாட்டம். பிறகு அவன் குனிந்து என்னைக் கட்டிப்பிடித்தான். உடனே கையை எடுத்துவிட்டான்.

"கவுண்டரே, ஒடம்பு கொதிக்குது."

"சாமி வந்த ஒடம்பு அப்பிடித்தான்டா இருக்கும்."

"இல்லீங்க. எங்கப்பா ஆடறப்ப பின்னால நின்னு புடிச்சிகினு இருந்தவன் நானு. ஒடம்பு ஜில்லுனு கெடக்கும். நானே ஆடி முடிச்சா குளுர்லதான் எழுந்திருக்கறேன். இது ஜுரம். தொட்டி, வால்வுனு எங்கண்ணன் அவரு வேலையத்தான் பேசறாரு."

"வார்த்தைய அளந்து பேசு. வந்த சாமிய ஜுரம்னு சொன்னா அப்பறம் ஒம்மேல வராது, பாத்துக்க."

"வராட்டி போவுது. எங்கண்ணன் இருக்கணும்."

இதெல்லாம் எனக்குக் கேட்டது. கேட்டு நான் என்ன செய்தேன்? "பொறாமடா ஒனக்கு! எனக்கு வந்துடுச்சினு பொறாம!" என்று கத்திக்கொண்டே, என்னைத் தூக்க வந்தவனின் கையைக் கடித்தேன். பல் பதிந்த தழும்பு இன்னும் அவன் மணிக்கட்டில் இருக்கிறது. அவன் கையை உதறக்கூட இல்லை. மூட்டையைத் தூக்குகிற மாதிரி தோளில் போட்டுக்கொண்டு போய், புளி வாசனை போகாத அந்த வண்டியின் பின்னால் கிடத்தினான். அலமேலு என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வளைவுக்கு வளைவு நான் புரண்டேன், அவள் அழுதாள், அவன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இறங்கினான். ஒடுகத்தூரில் பார்த்த டாக்டர் கையை வைத்த உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லி வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்.

வேலூர் சேர்ந்தது எனக்கு நினைவில்லை. கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், என் வேட்டியை யாரோ அவிழ்த்ததும்தான் நினைவிருக்கிறது. மலையிலிருந்து காய்ச்சலோடு யார் வந்தாலும் அங்கே முதலில் உடம்பைத் தேடிப் பார்ப்பார்கள். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால், பெண்களுக்கு மார்புக்குக் கீழே. எனக்கு அரைஞாண் கயிற்றுக்கு அடியில் இருந்தது. பீடியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. இளவயது லேடி டாக்டர் அதைக் கண்டதும், "இதோ இருக்கு!" என்று புதையல் கிடைத்த மாதிரி சொன்னாராம். பிறகு ரத்தப் பரிசோதனையிலும் அதுவே உறுதியானது.

புதரிலும் சருகிலும் இருக்கும் உண்ணி இனத்துக் குஞ்சுப் பூச்சி கடிப்பதால் இந்தக் காய்ச்சல் வருகிறது. கடித்த இடத்தில் பொருக்குத் தட்டும், சிலருக்குத் தட்டாமலும் போகும். கிருமி ரத்தக் குழாய்க்குள் போய்க் குழாயின் உட்சுவரை வீங்கவைக்கும். நுரையீரலுக்குப் போனால் மூச்சு வாங்கும், சிறுநீரகத்துக்குப் போனால் நீர் பிரியாது. மூளைக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் போனால் ஜன்னி. எனக்கு மூளைக்குப் போயிருந்தது. சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டால் சாதாரண மாத்திரையில் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஆளே போய்விடுவான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று டாக்டர் அலமேலுவிடம் சொல்லியிருக்கிறார்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதற்குப் பிறகு முதுகில் ஊசி. முதுகெலும்பின் இடுக்கில் ஊசியை விட்டு, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பார்ப்பது அது. அந்த நீர் கலங்கலாக இருக்கிறதா, அதில் என்ன இருக்கிறது என்று சோதித்தால் மூளைக்காய்ச்சலா என்பது தெரியும். அதில் கால் விழுந்துவிடும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் அலமேலுவைப் பயமுறுத்திவிட்டார்கள். அப்படி ஒன்றும் ஆகாது, தலைவலிதான் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஆள் அசையாமல், முழங்கால் நெஞ்சில் முட்டுகிற மாதிரி சுருண்டு படுத்திருக்க வேண்டும். நான் திமிறினேன். கடைசியில் மாணிக்கத்தை உள்ளே கூப்பிட்டார்கள். கட்டுப் போட்ட கையோடு என்னைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் காதில், "தொட்டிய நான் பாத்துக்கறேண்ணா. வால்வு மூடியாச்சி. நீ தூங்கு" என்றான். அதைக் கேட்டு என் உடம்பு அடங்கிவிட்டது.

ஊசி வழியாகவும் மாத்திரையாகவும் மருந்து உள்ளே போனது. காய்ச்சல் இறங்கியது. கூடவே அந்தக் குரலும் போய்விட்டது.

அது போனதை உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? ஒரு காலையில் கண் விழித்தால் மின்விசிறி வெறும் மின்விசிறியாகச் சுற்றியது. மரம் எதுவும் மூச்சு விடவில்லை. எல்லோரும் பிழைத்தான் என்று சந்தோஷப்பட்டார்கள். நான் போர்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டிலில் போளூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார், அவருக்கும் இதே காய்ச்சல்தான். அவருக்கு ஜன்னியில் என்ன தெரிந்தது என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலீங்க, எம் பொண்டாட்டிய திட்டிகினே இருந்தேனாம்" என்றார். அவரிடம் மட்டும்தான் எனக்குப் பொறாமை வரவில்லை.

மாணிக்கத்திடம் வந்தது. வார்டு முழுக்க அவனுக்குச் சொந்தமாகிவிட்டது. நர்ஸ்களெல்லாம் அவனைத் தம்பி தம்பி என்றார்கள். யார் வீட்டு ஆளுக்கோ ஸ்ட்ரெச்சர் தள்ளினான். வெந்நீர் வாங்கி வந்து என் காலைத் துடைத்துவிட்டு, மீதித் தண்ணீரில் போளூர்க்காரர் காலையும் துடைத்தான். "இப்படி ஒரு தம்பி கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார் அவர். அதே பேச்சு இங்கேயும் வந்துவிட்டதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு நாள் ரவுண்டுக்கு வந்த லேடி டாக்டரிடம் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "அம்மா, அன்னிக்கு எம்மேல வந்தது சாமி இல்லியா?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூளையில வீக்கம் இருந்துச்சு. அதனால குழப்பமா பேசினீங்க."

"அந்தப் பூச்சி யாரோடதும்மா? அவ தோப்புல இருக்கிற பூச்சி. அவளுக்காக நான் படுத்த எடத்துல கடிச்சிது. பூச்சிய அனுப்பி, ரத்தத்துல ஏறி, மூளை வழியா அவ பேசியிருக்கக் கூடாதா? நான் தண்ணித் தொட்டி ஆபரேட்டரும்மா. தண்ணி எந்தப் பைப்புல வந்தாலும் தண்ணிதானே?"

"பைப்புல என்ன கோளாறுன்னு எனக்குத் தெரியும், அதைச் சரிபண்ணத் தெரியும். அதுல வந்தது யாருன்னு பார்க்கிற மெஷின் எங்ககிட்ட இல்ல. ஆனா ஒண்ணு, மாத்திரை போட்டதும் நின்னுடுச்சே?"

அதுதான் என்னைச் சுட்டது. என் சாமி மாத்திரையில் ஓடுகிற சாமி. மாணிக்கத்தின் சாமியை ஓட்ட ஒரு மாத்திரையும் இல்லை. "அப்ப எந்தம்பி தலையையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாருங்கம்மா" என்றேன். "அவனுக்கு உள்ள எதுனா வீங்கியிருக்கும்."

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாசலில் கஞ்சித் தூக்கோடு நின்ற மாணிக்கமும் சிரித்தான். அலமேலு தலையில் அடித்துக்கொண்டாள். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பு நடந்து பழகச் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் மாணிக்கத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தேன். அவன் மணிக்கட்டின் கட்டு என் கண் முன்னாலேயே இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"டேய், உண்மையச் சொல்லு. ஒம்மேல வர்றப்ப எப்பிடி இருக்கும்?"

"தெரியாதுண்ணா."

"மறைக்காத. நான் ஜன்னியில இருந்தப்பவே எல்லாம் கேட்டுச்சி. ஒளி தெரிஞ்சிது. ஒனக்கு இன்னும் பெருசா எதுனா தெரியணும்ல?"

"பம்பை சத்தம் கேக்கும். அப்பறம் நீங்கல்லாம் தண்ணி குடுப்பீங்க. நடுவுல ஒண்ணுமே கெடையாதுண்ணா, தூங்கி எழுந்த மாரி. ஒவ்வொரு வருஷமும் ஒன்னக் கேக்கறேன், சாமி இன்னா சொல்லிச்சினு. நீ எழுந்து போய்டற."

நான் நடப்பதை நிறுத்திவிட்டேன். அவன் நடிக்கவில்லை என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஜன்னியில் சிலருக்கு நினைவிருக்கும், சிலருக்கு இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாமி விஷயத்திலும் அப்படியா? எல்லாம் கேட்ட எனக்கு வந்தது காய்ச்சல், ஒன்றுமே கேட்காத இவனுக்கு வந்தது சாமி. என்ன கணக்கு இது என்று மண்டை குழம்பியது. "கால் வலிக்குது, திரும்பலாம்" என்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தேறுவதற்கு நாளாயிற்று. முடி கொட்டியது, காது கொஞ்ச நாள் மந்தமாக இருந்தது, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. தொட்டி வேலையை மாணிக்கம்தான் பார்த்தான். அந்த வருஷம் மழை என்னவோ ஊற்றித்தான் தள்ளியது. பள்ளத்தில் விதைத்தவர்களுக்கு அழுகிப்போயிற்று, மேட்டுக் காட்டில் விளைந்தது. "கோவிந்தன் வாக்குடா அது" என்று கவுண்டர் இன்றைக்கும் சொல்கிறார். காய்ச்சல் உளறல் என்று நானே போய்ச் சொன்னாலும் கேட்பதில்லை. சில நாள் எனக்கும் சந்தேகம் வருகிறது. டாக்டரிடம் கேட்டால் மறுபடியும் அந்த மெஷின் இல்லை என்பார்.

என் வாக்கு பலித்துவிட்டதால் மாணிக்கத்தின் நிலைமை மோசமாகிவிட்டது. உண்மையான சாமியை ஜுரம் என்று சொல்லிவிட்டானாம். இனி அவன்மேல் வராது என்று ஊர் முடிவே கட்டிவிட்டது. அவன் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். எனக்குள் நப்பாசை தலை தூக்கியது. மறுபடியும் மார்கழி விரதம் இருந்தேன். இந்த முறை டாக்டர் சொன்னபடி முழுக்கைச் சட்டை, கால் மூடிய பேன்ட், பூச்சித் தைலம், கட்டில். இந்தக் கோலத்தில் விரதம் இருந்தவன் எங்கள் மலையிலேயே நான் ஒருவன்தான்.

தைத் திருவிழா வந்தது. நான் ஈர வேட்டியோடு பம்பைக்கு எதிரே நின்றேன். மாணிக்கம் எப்போதும்போல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றான். பம்பை முழங்கியது. யார்மேலும் வரவில்லை. பம்பைக்காரர் கை மாற்றி அடித்தார். ஊர் முழுக்க மாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. "அப்பவே சொன்னேன்" என்றார் கவுண்டர்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அவன் தலை குனிந்து, மணிக்கட்டுத் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வராட்டி போவுது என்று சொன்னவன்தான். ஆனால் அது நிஜமாகவே போய்விட்டது என்ற பயம் அவன் தோளில் தெரிந்தது. தாயே, வா, அவன்மேலேயே வா என்று வேண்டினேன். இத்தனை வருஷம் பட்டினி கிடந்த வாயால் இதையா வேண்டுகிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் வேண்டினேன்.

அலறல் கேட்டது. மாணிக்கம்தான். கூட்டம் பிளந்தது. ஓடிப் போய்ப் பின்னாலிருந்து அவனைப் பிடித்தேன். அதுவரை ஒரு வருஷம்கூட நான் அவனைப் பிடித்ததில்லை. அந்த ஆட்டத்திலும் உடம்பு ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

ஊர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்தது. கடைசியாக நான் முன்னால் வந்து நின்றேன். உள்ளே இருந்ததெல்லாம் ஒரே கேள்வியாக வந்தது.

"தாயே, எல்லா விரதமும் இருக்கிறவன் நான். எம்மேல ஏன் வரல?"

அவள் என்னைப் பார்த்தாள். மாணிக்கத்தின் கண்தான், ஆனால் அதில் மாணிக்கம் இல்லை. இதை எந்த டாக்டரிடமும் என்னால் நிரூபிக்க முடியாது.

"எல்லார் மேலயும் நானே வந்துட்டா, எங்கூட பேசறதுக்கு யார்றா இருப்பான்?" என்றாள். என் நெற்றியில் திருநீறு பூசினாள். சாமி மலையேறியது.

மாணிக்கம் நடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குவது தெரிந்தது.

"அண்ணா, இன்னா சொல்லிச்சி?"

இந்த முறை எழுந்து போகவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். மழைக்குச் சொன்னது, விதைப்புக்குச் சொன்னது, இனி வராது என்று சொன்னதற்காகக் கவுண்டர் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது, கடைசியாக நான் கேட்டது, அதற்கு அவள் சொன்னது, திருநீறு பூசியது வரை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. இத்தனை வருஷம் அவனை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

"நீ குடுத்து வச்சவன்ணா" என்றான். "எனக்கு ஒரு வார்த்த கூட கேட்டதில்ல."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தபா சொல்லுணா" என்றான்.

சொன்னேன்.